இன், ஆன், அட்: இடம் சொல்லும்போது சறுக்கும் இடங்கள்

வீட்டில், சுவரில், பஸ் ஸ்டாப்பில் என்று எதற்கும் நமக்கு ஒரே 'இல்' போதும். ஆங்கிலத்தில் அதே 'இல்' இன், ஆன், அட் என்று மூன்றாகப் பிரிவதால், வாய்க்கு வந்ததைப் போட்டுவிடுகிறோம்.

அதிகம் காதில் விழுவது 'ஐ லிவ் அட் சென்னை'. ஊருக்குள் குடியிருப்பதால் 'இன் சென்னை'தான் சரி. பெரிய இடத்துக்கு இன், சின்ன இடத்துக்கு அட் என்று டியூஷனில் சொல்லித் தருவார்களே, அதை முழுசாக நம்ப வேண்டாம். 'தி ட்ரெயின் ஸ்டாப்ஸ் அட் விழுப்புரம்' என்பது நல்ல ஆங்கிலம், ஏனென்றால் ரயிலுக்கு அது வழியில் வரும் ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஊர் சுருங்கிவிடவில்லை, நாம் பார்க்கிற விதம்தான் வேறு. 'அட் தி ஹாஸ்பிட்டல்' என்றால் யாரையோ பார்க்கப் போயிருக்கலாம், அங்கே வேலையே பார்க்கலாம்; 'இன் ஹாஸ்பிட்டல்' என்று ஒரு பிரிட்டிஷ்காரர் சொன்னால் அட்மிட் ஆகியிருக்கிறார் என்று அர்த்தம் (அமெரிக்கர் நடுவில் ஒரு 'தி' சேர்ப்பார்). லீவ் லெட்டரில் இதை மாற்றி எழுதினால் மேனேஜர் பதறிப்போவார்.

அப்புறம் வண்டிகள். உள்ளே எழுந்து நடக்க முடிகிற பஸ், ரயில், விமானம், கப்பலுக்கு ஆன். குனிந்து ஏறி உட்காரும் கார், டாக்ஸி, ஆட்டோவுக்கு இன். சைக்கிளும் பைக்கும் மேலே உட்காருவது, அதனால் ஆன். 'இன் தி பஸ்' என்று சொன்னால் பெரிய குற்றமில்லை, உள்ளே இருப்பதை அழுத்திச் சொல்ல ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களும் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் 'ஐ ஆம் ஆன் தி கார்' என்றால் காரின் கூரைமேல் உட்கார்ந்திருக்கிறீர்கள்!

'கார்னர்' விஷயத்தில் தமிழ் கைகொடுக்கும். அறையின் மூலை என்றால் இன், தெருமுனை என்றால் அட் அல்லது ஆன். போட்டோவில் இருப்பவருக்கு இன், 12ஆம் பக்கத்தில் இருப்பதற்கு ஆன்.

கடை போர்டுகளில் இருக்கும் 'ஆப்போசிட் டு பஸ் ஸ்டாண்ட்' என்பதில் அந்த 'டு' தேவையே இல்லை. எதிர்ப்பக்கத்து பேங்க்கை 'இன் ஃப்ரன்ட் ஆஃப் மை ஹவுஸ்' என்றும் எழுதுகிறோம், அப்படிச் சொன்னால் பேங்க் உங்கள் வாசலை மறைத்துக்கொண்டு நிற்பதுபோல் ஆகிவிடும். நடுவில் ரோடு இருந்தால் 'ஆப்போசிட்' போடுங்கள், டெலிவரி பையனும் சரியான பக்கத்தில் வண்டியை நிறுத்துவான்.