சின் நம்பர் கேட்டால் "எதற்கு?" என்று கேளுங்கள்

கனடாவுக்கு வந்த முதல் மாதத்தில் போகிற இடமெல்லாம் ஏதாவது பத்திரம் கேட்பார்கள். கேட்டதைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தால் போதும் என்றுதான் நமக்குத் தோன்றும். நானும் ஒரு வாடகை வீட்டு விண்ணப்பத்தில் சின் நம்பரை (SIN, அதாவது அரசு ஒவ்வொருவருக்கும் தரும் சமூகக் காப்பீட்டு எண்) எழுதி, பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வீடு கிடைக்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, நான் வாங்கவே வாங்காத ஒரு போனுக்குப் பாக்கி கட்டச் சொல்லி அழைப்பு வந்தது. அந்த விண்ணப்பத்தால் வந்த வினைதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அன்றிலிருந்து யார் கேட்டாலும், எதற்கு என்று கேட்காமல் கொடுப்பதில்லை.

சின் என்பது 9 இலக்க எண். சர்வீஸ் கனடா என்ற அரசு சேவை அலுவலகம் இலவசமாகத் தருகிறது. தற்காலிக அனுமதியில் வந்தவர்களின் எண் 9இல் தொடங்கும், அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. 2014க்குப் பிறகு பிளாஸ்டிக் அட்டை கிடையாது, கடிதம்தான். அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிய வேண்டாம், வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

வேலை கொடுத்தவருக்கும், வட்டி தரும் கணக்குக்காக வங்கிக்கும், வருமான வரிக்கும் சின் நம்பர் கட்டாயம் வேண்டும். வீட்டுக்காரரும் போன் கடைக்காரரும் கேட்கலாம், ஆனால் நீங்கள் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. "கிரெடிட் ரிப்போர்ட்டை (கடன் வரலாற்று அறிக்கையை) நானே எடுத்துத் தருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். வேலை விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. நேர்காணலுக்கு முன்பே சின் கேட்கிற வேலையை நம்பாதீர்கள். அதை வேலையில் சேர்ந்த பிறகு கேட்பதுதான் முறை.

உங்கள் எண்ணில் வேறொருவர் வேலை பார்த்தால் அந்த வருமானம் உங்கள் வரிக் கணக்கில் விழும், வரி அலுவலகம் உங்களைத்தான் கேட்கும். கடனும் அப்படித்தான். புதிதாக வந்தவருக்குக் கிரெடிட் வரலாறே சில மாதம்தான் இருக்கும். அதில் ஒரு பொய்க்கடன் ஏறினால் வீடு, கார் எல்லாம் தள்ளிப்போகும். அதனால் நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் இரண்டிலும் அவ்வப்போது ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். இலவசம்தான். நாமே பார்ப்பதால் கிரெடிட் ஸ்கோர் (கடன் மதிப்பெண்) குறையாது.

வரி அலுவலகம், இமிகிரேஷன் என்று சொல்லிக்கொண்டு, கைது செய்வோம், நாடு கடத்துவோம் என்று மிரட்டினால் போனை வையுங்கள், அழைப்பவர் தமிழிலேயே பேசினாலும் சரி. எந்த அரசு அலுவலகமும் கிஃப்ட் கார்டிலோ பிட்காயினிலோ பணம் கேட்காது.

சரி, உங்கள் விவரங்களை வைத்து மோசடி நடந்துவிட்டது என்றால்? அன்றைக்கே முதலில் வங்கியைக் கூப்பிடுங்கள், கார்டின் பின்னால் உள்ள எண்ணில். அப்புறம் மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஏனென்றால் மற்ற கணக்குகளுக்கு அதுதான் சாவி. ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் இரண்டிடமும் மோசடி எச்சரிக்கை போடச் சொல்லுங்கள். அது இருந்தால் கடன் கொடுப்பவர்கள் உங்களைக் கூப்பிட்டு உறுதிசெய்ய வேண்டும். காவல்துறையில் புகார் கொடுத்துக் கோப்பு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். கனடிய மோசடி தடுப்பு மையத்துக்கும் (1-888-495-8501) சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேட்கத் தயங்காதீர்கள். யாரிடம், எந்தத் தேதியில், என்ன பேசினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எனக்கு மிகவும் உதவியது அந்த நோட்டுதான்.

புது சின் வாங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். சர்வீஸ் கனடா அதை எளிதில் மாற்றித் தராது, மாற்றினாலும் பழைய எண் அழிந்துவிடாது.

நம்மவர்கள் பலர் இதை வெட்கம் என்று நினைத்து வீட்டிலேயே மறைக்கிறார்கள். கெட்ட பெயர் வேண்டாம் என்று பொய்க்கடனில் கொஞ்சத்தைக் கட்டியும் விடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், கட்டினால் கடனை ஒப்புக்கொண்டது போலாகும். "இது என் கடன் இல்லை, விவரத்தை எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லி, காவல்துறைக் கோப்பு எண்ணைக் கொடுங்கள். என் பெயரிலிருந்து அந்தப் போன் பாக்கியை நீக்க நாலு மாதம் ஆனது, ஆனால் நீக்கினார்கள்.