ட்ரான்ஸ்போமரின் வெளியீட்டு வோல்ற்றளவு: சூத்திரம் பார்க்காமல் ஒரு வழி

கனடாவிலிருந்து சித்தி கொண்டுவந்த 120 வோல்ற்று கிரைண்டரைத் திருகோணமலையில் 230 வோல்ற்றில் கொழுவ முடியாது. நடுவில் ஒரு ட்ரான்ஸ்போமர் வேண்டும். அதன் கணக்கைப் பார்ப்போம்.

ட்ரான்ஸ்போமரில் இரும்புத் தகடுகளின் மேல் சுற்றிய இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும்: மின்னைக் கொடுப்பது முதன்மைச் சுருளுக்கு, எடுப்பது துணைச் சுருளிலிருந்து. இவற்றின் வோல்ற்றளவுகளின் விகிதம் சுற்றுகளின் விகிதத்துக்குச் சமம். இது பாடத்தில் இருப்பதுதான். ஆனால் எதை மேலே போடுவது, எதைக் கீழே போடுவது என்பதில்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள். அதனால் விகிதத்தை விட்டுவிட்டு, ஒரு சுற்றுக்கு எத்தனை வோல்ற்று என்று பாருங்கள். இரண்டு சுருளுக்குள்ளும் ஒரே காந்தப்பாயம்தான் (சுருளை ஊடுருவும் காந்தப்புலத்தின் அளவு) ஓடுகிறது, அது மாறும்போதுதான் சுருளில் வோல்ற்று வரும். ஆகவே எந்தச் சுருளிலும் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது ஒரே அளவு.

முதன்மைச் சுருளில் 1150 சுற்று, கொடுப்பது 230 வோல்ற்று. வகுத்தால் சுற்றுக்கு 0.2. துணைச் சுருளில் 600 சுற்று என்றால் 600 × 0.2 = 120 வோல்ற்று. அவ்வளவுதான்.

சரி, பழைய ட்ரான்ஸ்போமரில் சுற்று எண்ணிக்கை எழுதியிருக்காதே? தகடுகளுக்கும் சுருளுக்கும் இடையில் இடமிருந்தால் காப்பிட்ட மெல்லிய வயரை 20 சுற்று சுற்றுங்கள். முதன்மைக்கு 230ஐக் கொடுக்க வேண்டாம். வேறொரு சிறு ட்ரான்ஸ்போமரிலிருந்து 12 வோல்ற்று ஆடலோட்டம் (திசை மாறி மாறி ஓடும் மின்) போதும். மற்ற முனைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. உங்கள் 20 சுற்றில் 0.21 வோல்ற்று வந்தால் சுற்றுக்கு 0.0105. 12ஐ அதால் வகுக்க, முதன்மையில் சுமார் 1140 சுற்று. மலிவான மஞ்சள் மீற்றர் இதற்குச் சரிவராது. அதில் ஆடலோட்டத்துக்கு மிகச் சிறிய எல்லையே 200 வோல்ற்று, 0.2 என்று காட்டிவிட்டு நிற்கும். 2 வோல்ற்று எல்லை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

வள்ளத்துப் பற்றரியை இதில் கொழுவிப் பார்க்க வேண்டாம். பற்றரி தருவது நேரோட்டம், ஒரே திசையில் ஓடும் மின். அதில் காந்தப்பாயம் மாறாது. வெளியே ஒன்றும் வராமல் சுருள்தான் சூடேறும்.

பிற்சேர்க்கை: 12 வோல்ற்று என்று எழுதிய ட்ரான்ஸ்போமரில் 13.5 காட்டுகிறதே என்று நிலாவெளியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். எழுதியிருப்பது முழுச் சுமையில், அதாவது கொழுவிய கருவி முழு அளவு மின்னோட்டத்தை இழுக்கும்போது, வரும் அளவு. சுமை இல்லாதபோது கம்பித் தடையில் இழப்பு இல்லை, அதனால் கூடக் காட்டும். இலட்சிய ட்ரான்ஸ்போமரில் கம்பிக்குத் தடையே இல்லையென்று வைத்துக்கொள்வதால் இந்த வித்தியாசம் கணக்கில் வராது.

இன்னொன்று: ட்ரான்ஸ்போமர் வோல்ற்றளவைத்தான் மாற்றும், மீடிறனை (ஆடலோட்டம் செக்கனுக்கு எத்தனை தரம் அலைகிறது என்பதை) மாற்றாது. கனடாவில் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. கிரைண்டர் ஓடிவிடும். மின்சார மீடிறனை வைத்து ஓடும் பழைய மேசைக் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும்.