தலைப்பு வருகிறது, உள்ளே இருப்பது வரவில்லை: டிஸ்பேஸ் தேடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ஒரு கல்லூரி நூலகத்திலிருந்து போன். "சார், தீசிஸ் எல்லாம் ஏத்திட்டோம். தலைப்பைப் போட்டா வருது, உள்ள இருக்கிற வார்த்தையைப் போட்டா வரமாட்டேங்குது" என்றார் நூலகர். ஆய்வேடுகளைச் சேமித்துத் தேடித் தரும் டிஸ்பேஸ் மென்பொருளைத்தான் சொன்னார். போய்ப் பார்த்தேன். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் எழுதியிருந்த வரிகளில் ஒரு பிழையும் இல்லை. பிடிஎஃப்பிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஃபில்டர்-மீடியா என்ற கட்டளை இரவு 3 மணிக்கு ஓட வேண்டும். ஆனால் மாலை நூலகத்தைப் பூட்டும் உதவியாளர் ஏசியை அணைப்பார். ஏசி இல்லாமல் மெஷின் சூடாகிவிடுமே என்று சர்வரையும் சேர்த்து அணைத்துவிடுவார். சென்னைப் புழுக்கத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. விட்டுப்போன வேலையைக் கிரான் மறுநாள் தேடிப் பிடித்துச் செய்யாது. நேரத்தை மதியச் சாப்பாட்டு வேளைக்கு மாற்றினோம், தீர்ந்தது.

பலர் குழம்புவது இங்கேதான். ஆய்வேட்டை ஏற்றியதுமே தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரங்களை டிஸ்பேஸ் தானாகவே சோலார் என்ற தேடுபொறிக்கு அனுப்பிவிடும். கோப்புக்குள் இருக்கும் எழுத்துக்குத்தான் ஃபில்டர்-மீடியா ஓடக் காத்திருக்க வேண்டும். தலைப்பு வருவதைப் பார்த்து "எல்லாம் ஓடுது" என்று நினைத்துவிடுகிறோம்.

இதைவிடப் பெரிய தவறு, தேடலுக்கான இண்டெக்ஸை, அதாவது சொல்லட்டவணையை, புதுப்பிக்கும் இண்டெக்ஸ்-டிஸ்கவரி கட்டளையை '-பி' (b) சேர்த்துத் தினமும் ஓடவிடுவது. அது இருக்கிற இண்டெக்ஸைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து கட்டும். கட்டி முடியும்வரை தேடுபவருக்குப் பாதிதான் தெரியும், சில சமயம் ஒன்றுமே தெரியாது. எதுவும் சேர்க்காமல் ஓடவிட்டால் மாறியதை மட்டும் புதுப்பிக்கும். தினசரிக்கு அது போதும். '-பி' என்பது தேடல் அமைப்பையே மாற்றிய நாளில் எடுக்க வேண்டிய ஆயுதம். மேகக் கணினியில் வைத்திருப்பவர்கள் கடிகாரத்தையும் பாருங்கள்: சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தால், 5 மணி என்று எழுதியது நமக்குக் காலை 10:30. மாணவர்கள் வந்து உட்காரும் நேரம்.

கிரானை ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள தலைமைப் பயனரில் போடாதீர்கள். ரூட் உருவாக்கிய லாக் (பதிவுக்) கோப்பில், டிஸ்பேஸை இயக்கும் டாம்கேட்டின் பயனரால் எழுத முடியாமல், வேறெங்கோ சம்பந்தமில்லாத பிழை முளைக்கும். டிஸ்பேஸ் ஓடத் தேவையான ஜாவா எங்கே இருக்கிறது என்பதும் கிரானுக்குத் தெரியாது; பாதையை முழுதாக எழுத வேண்டும். கட்டளை தரும் வெளியீட்டை, எதையும் சேமிக்காமல் விழுங்கிவிடும் 'நல்' (null) என்ற இடத்துக்குள் தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்குவது தனி ரகம். ஒரு கோப்பில் சேமியுங்கள்.

அதிகம் பேசப்படாத ஒன்று எழுத்து வரம்பு. டிஸ்பேஸ் 7.3 முதல், ஒரு கோப்பிலிருந்து முன்னிருப்பாக 1,00,000 எழுத்துக்குறிகள்தான் எடுக்கப்படும். தமிழில் இது சீக்கிரம் தீரும்: 'க்' நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு. 'கொ'வும் அப்படியே. முந்நூறு பக்க ஆய்வேட்டின் பின்பகுதி தேடலில் இல்லாமலே போகும். பிழைச் செய்தியும் பெரிதாகக் கண்ணில் படாது. டெக்ஸ்ட்எக்ஸ்ட்ராக்டர் மேக்ஸ்-சார்ஸ் என்ற அமைப்பில் எண்ணை உயர்த்தலாம். உயர்த்தியதோடு நிற்காதீர்கள். ஏற்கெனவே பிரித்த கோப்பை ஃபில்டர்-மீடியா மறுபடி தொடாது. '-எஃப்' சேர்த்து ஒருமுறை கட்டாயப்படுத்தி ஓடவிட வேண்டும்.

தமிழ் ஆய்வேடுகளில் இன்னொரு கண்ணி உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் குறியாக்கங்களிலும், பாமினி போன்ற எழுத்துருக்களிலும் தட்டச்சிட்ட பழைய கோப்புகள் திரையில் அழகாகத் தமிழாகத் தெரியும். பிரித்தெடுத்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை. தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றதற்கு முந்தைய கோப்பு என்றால் முதலில் சந்தேகப்படுங்கள். பக்கத்தைப் படமாக ஸ்கேன் செய்த கோப்பில் குப்பைகூட இருக்காது. டெசராக்ட் என்ற மென்பொருளில் தமிழுக்கான தரவைச் சேர்த்து ஓசிஆர் செய்த பிறகே, அதாவது படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுத்த பிறகே, ஏற்ற வேண்டும். அதை எந்தக் கிரானும் தானாகச் செய்து தராது.

யூனிகோடிலேயே 'கொ'வின் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்த கோப்புகளும் உண்டு. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு சொல். ஏற்றும்போதே, இப்படிப் பிரிந்தவற்றை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தேடுபவர் தப்பித்தார்.

நான் செய்யும் சோதனை எளிது. வெள்ளிக்கிழமை ஏற்றிய ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து, தலைப்பிலோ சுருக்கத்திலோ இல்லாத ஒரு சொல்லைக் குறித்துக்கொள்வேன். திங்கள் மதியம் அதைத் தேடிப் பார்ப்பேன்.