வாய்க்கால் கரையில் டிராக்டர் கவிழ்ந்தால்: ஆளை மீட்பது, வண்டியை மீட்பது

மலைச்சரிவில் ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓட்டும் நாலு சக்கர பைக்) கவிழ்ந்தால் என்ன செய்வது என்று சொல்லித்தர எத்தனையோ வீடியோக்கள் இருக்கின்றன. காவிரி டெல்டாவில் மலைக்கு எங்கே போவது? நமக்கு இருப்பது வயலிலிருந்து ஆற்றுக்கரைக்கு ஏறும் மண்சரிவும், எலி வளையும் நண்டு வளையுமாக உள்ளே பொந்தாகிக் கிடக்கும் வாய்க்கால் கரையும்தான். இரண்டு டன் டிராக்டரைக் கவிழ்க்க அது போதும்.

போன குறுவை உழவில், பாமணியாற்றிலிருந்து பிரியும் ஒரு கிளை வாய்க்காலுக்குள் எங்கள் வண்டி சாய்ந்தது. ஓட்டியவருக்குத் தோளில் அடி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவரை வெளியே கொண்டுவந்து, வண்டியை நிமிர்த்தி, மறுபடி ஓட வைத்த வரிசையிலேயே எழுதுகிறேன். டிராக்டர் ஓட்டவும் ஸ்பேனர் பிடிக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. சாயும் நொடியில்

முன்பக்கம் தூக்கி மல்லாக்க விழும் டிராக்டர், இனி திருப்ப முடியாது என்ற நிலையைத் தொட முக்கால் நொடி போதும். முன் சக்கரம் எழும்புவது தெரிந்தவுடன் கிளட்சை மிதியுங்கள். யோசித்துவிட்டு மிதிக்க நேரம் கிடையாது.

பக்கவாட்டில் சாய ஆரம்பித்தால் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, ஸ்டீயரிங்கைப் பள்ளம் இருக்கும் பக்கமே திருப்ப வேண்டும். மேட்டுப் பக்கம் ஒடிக்கத்தான் கை போகும். அதுதான் கவிழ்த்துவிடும். பின்னால் ரோட்டவேட்டரை (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) தூக்கி வைத்திருந்தால் உடனே கீழே இறக்குங்கள், வண்டியின் எடை மையம் கொஞ்சம் தாழும்.

சீட் பெல்ட் விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ராப்ஸ் என்கிற கனத்த பாதுகாப்புக் கம்பி வளைவு இருந்தால் பெல்ட் கட்டாயம். கவிழும்போது குதிக்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். ராப்ஸ் இல்லாத வண்டியில் பெல்ட் போடக் கூடாது. நம் ஊரில் பெரும்பாலும் இருப்பது வெயிலுக்குப் போட்ட தகரக் கூரை. அது வண்டியின் எடையைத் தாங்காது. ஸ்வீடனில் 1959லேயே புது டிராக்டர்களுக்கு ராப்ஸைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். நாம் இன்னும் கூரைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

2. ஆள் அடியில் சிக்கியிருந்தால்

முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் நிற்காது, டீசலை நிறுத்தும் ஸ்டாப் நாப்பைத்தான் (இழுக்கும் குமிழ்) இழுக்க வேண்டும். உதவிக்கு ஓடி வருகிறவருக்கு இது தெரிந்திருக்காது. உங்கள் வீட்டு ஆட்களுக்கு இன்றைக்கே காட்டிவையுங்கள்.

டெல்டாவில் அடியில் சிக்கியவரை எடைக்கு முன்பே தண்ணீரும் சேறும் கொன்றுவிடலாம். வாய்க்காலில் ஓர் அடி ஆழத் தண்ணீர் இருந்தாலும் குப்புற விழுந்தவருக்கு அது போதும். அதனால் முகத்தை மேலே தூக்கி, வாயில் இருக்கும் சேற்றை விரலால் எடுத்துவிட்டு, ஒருவர் அப்படியே தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். இன்னொருவர் பைக்கை எடுத்துக்கொண்டு மேல்மதகுக்குப் போய் ஷட்டரை இறக்கட்டும். மதகு தொலைவில் இருந்தால் கைக்குக் கிடைக்கும் மண், வைக்கோல் கட்டு, சாக்கு எதுவானாலும் போட்டு மேல்பக்கம் அணை கட்டுங்கள்.

பத்துப் பேர் சேர்ந்து "ஏலேலோ" என்று வண்டியைத் தூக்க வேண்டாம். நாலு விரற்கடை தூக்குவார்கள், கை வழுக்கும், முன்னைவிட மோசமாக அமுங்கும். நம் மண் களிமண், ஈரத்தில் மண்வெட்டிக்கு வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். வண்டி மேலும் இறங்காமல் இருக்க அடியில் கட்டைகளைச் செருகிவிட்டு, ஆளுக்குக் கீழே இருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்து அவரை வெளியே இழுப்பதே வேகமான வழி. மார்பு, வயிறு, கழுத்து அழுந்தியிருந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

108க்கு முதல் ஆள் கூப்பிடும்போதே மெயின் ரோட்டில் நின்று வழிகாட்ட ஒருவரை அனுப்பிவிடுங்கள். "நம்ம கொல்லைக்குப் பக்கத்துல" என்றால் டிரைவருக்குப் புரியாது. பஸ் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லலாம். மீட்புப் பணியும் அவர்கள் வேலைதான், கருவிகளும் இருக்கும்.

கால் அல்லது தொடை நெடுநேரம் நசுங்கிக் கிடந்தால், எத்தனை மணிக்குச் சிக்கினார், எத்தனை மணிக்கு எடுத்தோம் என்பதைக் குறித்து 108 ஊழியரிடம் சொல்லுங்கள். நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து இதயத்தைப் பாதிக்கும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. எழுந்து நடக்கிறாரே என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், வயிற்றுக்குள் ரத்தக்கசிவு பிறகுதான் தெரியவரும். சோடா, காபி எதுவும் கொடுக்க வேண்டாம், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அது தொந்தரவு.

3. வண்டியைத் தொடும் முன்

பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். ஆசிட் வழிந்திருக்கும், கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தகரத்தில் பட்ட இடத்தில் சமையல் சோடா கரைத்து ஊற்றலாம். டேங்க் மூடி வழியாக டீசல் கசிந்துகொண்டிருக்கும். பீடி பிடிக்கிறவரைக் கரைக்கு அந்தப் பக்கம் அனுப்புங்கள். கீழே யாராவது மீன் குட்டை வைத்திருந்தால் வாய்க்காலில் வைக்கோலைப் பரப்பிவிடுங்கள், ஓரளவு உறிஞ்சும்.

நாலு பக்கமும் போட்டோ எடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். அப்புறம் தலைக்கு மேலே பாருங்கள். வயலில் இபி லைன் தாழ்வாகத் தொங்கும் இடங்கள் நிறைய, ஜேசிபியின் கை அதில் பட்டால் கதை வேறு. சந்தேகம் இருந்தால் இபி ஆபீசுக்குச் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள்.

4. நிமிர்த்துவது

ரோட்டவேட்டரோ டிரெய்லரோ மாட்டியிருந்தால் முதலில் கழற்றுங்கள். கியரை நியூட்ரலில் போடுங்கள். காரணம் அடுத்த படியில் வருகிறது.

சரிவிலேயே வைத்து நிமிர்த்தினால் வண்டி மறுபடி அதே பக்கம் சாயும். தண்ணீரை அடைத்துவிட்டு, வாய்க்காலின் சமதரைக்கு இழுத்து வந்து அங்கே நிமிர்த்துங்கள். இழுக்கும் பக்கம் ஒரு கயிறு என்றால் எதிர்ப்பக்கம் இன்னொரு கயிறு வேண்டும். நேராக வந்த வண்டி அதே வேகத்தில் மறுபக்கம் விழாமல் அதுதான் தாங்கும். நிமிர்ந்தவுடன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

எதில் கட்டி இழுப்பது என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. கிரேன்காரர்கள் வைத்திருக்கும் அகலமான பெல்ட்தான் முதல் தேர்வு. அது இல்லாவிட்டால் நல்ல சங்கிலி. நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். அது நீண்டு நீண்டு இழுபட்டு, அறுந்தால் சாட்டையாக வந்து அடிக்கும். எதுவாக இருந்தாலும் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவையுங்கள், அறுந்தாலும் வீச்சு குறையும். பின் ஆக்சில் ஹவுசிங்கில் கட்டுங்கள். மட்கார்டிலோ சைலன்சரிலோ ஜேசிபி பக்கெட்டை மாட்டித் தூக்கினால் பெயின்ட் கடைச் செலவோடு முடியாது.

செயின் பிளாக் (கையால் இழுக்கும் சங்கிலிக் கப்பி) வைத்து இழுப்பதாக இருந்தால் தென்னையில் கட்டாதீர்கள். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, வாய்க்கால் ஓரத்து ஈர மண்ணில் அது எவ்வளவு தாங்கும் என்பதை 2018 நவம்பரில் கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பார்த்தோம். நன்றாக வேரோடிய புளியமரமோ வேப்பமரமோ கிடைத்தால் சரி. இல்லையென்றால் சமதரையில் நிறுத்திய இன்னொரு டிராக்டர்.

5. சாவியைத் தொடாதீர்கள்

இந்தப் படிக்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எங்கள் வண்டி நிமிர்ந்தவுடன் கரையில் நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னது, "ஸ்டார்ட் பண்ணிப் பாருப்பா." எங்கள் மெக்கானிக் அண்ணன் மட்டும், "தம்பி, சாவியில கை வைக்காதீங்க, ராத்திரி முழுக்க நிக்கட்டும்" என்றார்.

டிராக்டர் சாய்ந்தோ தலைகீழாகவோ கிடக்கும்போது இன்ஜினின் அடிப்பகுதியான கிரான்க் கேஸில் இருக்கும் ஆயில், பிஸ்டன் ரிங் வழியாகக் கசிந்து சிலிண்டருக்குள் போகும். பல வண்டிகளில் இருப்பது ஆயில் பாத் ஏர் கிளீனர், அதாவது காற்றை ஆயிலில் வடிகட்டுவது. அதன் கிண்ணத்து ஆயிலும், இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாய்க்குள் வழிந்துவிடும். பிஸ்டனுக்கு மேலே ஆயில் தேங்கியிருக்கும்போது செல்ஃப் அடித்தால், ஆயில் காற்று மாதிரி அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும். அத்தோடு இன்ஜின் வேலை முழுசாக வரும். தள்ளி ஸ்டார்ட் செய்வதும், கியரில் போட்டு இழுப்பதும் இதே வேலையைத்தான் செய்யும். நியூட்ரல் என்று சொன்னது இதற்காக.

செய்ய வேண்டியது இதுதான்:

- வண்டியைச் சமதரையில் ஓர் இரவு நிறுத்துங்கள். ஆயில் கொஞ்சம் தானாகக் கீழே இறங்கும்.
- ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுங்கள். இன்டேக் குழாயைக் கழற்றி உள்ளே துணியால் துடையுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது.
- சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றுங்கள். அடியில் இருக்கும் செப்பு வாஷரைத் திரும்பப் போடாமல் புதிதாக மாற்றுங்கள்.
- கிரான்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.
- தாராளமாகச் சுற்றினால், பேட்டரியை மாட்டி, ஸ்டாப் நாப்பை இழுத்த நிலையில் சில நொடிகள் செல்ஃப் அடியுங்கள். ஓட்டை வழியே ஆயில் பீச்சியடிக்கும், முகத்தை நீட்டாதீர்கள்.
- இன்ஜெக்டரை மாட்டிவிட்டு இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், பவர் ஸ்டீயரிங் ஆயில் எல்லாவற்றையும் பாருங்கள். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் எங்கள் வண்டி அசையவில்லை. டீசல் லைனில் ஏர் லாக், அதாவது காற்று அடைத்துக்கொண்டிருந்தது. ஃபில்டர் மேல் இருக்கும் ஸ்குரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தால் முதலில் நுரையாக வரும், குமிழி நின்று தெளிந்த டீசல் வரும்வரை அடிக்க வேண்டும். நாங்கள் அதோடு முடிந்தது என்று நினைத்து வெகுநேரம் செல்ஃப் அடித்துப் பேட்டரியை இறக்கியதுதான் மிச்சம். இன்ஜெக்டருக்குப் போகும் குழாய்களில் காற்று நின்றுகொண்டிருந்தது. அந்த நட்டுகளையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். அந்த இடத்தில் விரலை வைக்காதீர்கள், அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிஆர்டிஐ (மிக அதிக அழுத்தத்தில் டீசல் போகும் புது வகை) இன்ஜினில் இந்தக் குழாய்களைத் தொடவே கூடாது, அதைக் கம்பெனி ஆளிடம் விட்டுவிடுங்கள்.

ஸ்டார்ட் ஆகும்போது கனமான ஒரு பலகைத் துண்டைக் கையில் வைத்திருங்கள். இன்டேக்கில் ஆயில் மிச்சமிருந்தால் இன்ஜின் அதையே குடித்துக்கொண்டு ஓட்டம் எகிறும். ஸ்டாப் நாப்பை இழுத்தாலும் நிற்காது, ஏனென்றால் அப்போது எரிவது டீசல் அல்ல. காற்று போகும் வாயைப் பலகையால் அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்கக் கூடாது. முதல் சில நிமிடம் வெள்ளையும் நீலமுமாகப் புகை வரும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

மறுபடி கவிழாமல் இருக்க

கரையோரம் போகும்போது, வாய்க்கால் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரமாவது விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி ஓட்டுங்கள். ரோட்டிலும் கரையிலும் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்து லாக் போடுங்கள். வயலில் திருப்புவதற்காகப் பிரித்ததை அப்படியே விட்டுவிட்டு, வேகத்தில் ஒரு பக்க பிரேக்கை மட்டும் மிதிப்பதால் கவிழும் வண்டிகள் உண்டு. பின்னால் கருவி தூக்கியிருக்க, செங்குத்தான சரிவில் ஏற வேண்டியிருந்தால் ரிவர்ஸில் ஏறுங்கள். மட்கார்டில் யாரும் உட்காரக் கூடாது, மச்சானாக இருந்தாலும்.

பிற்சேர்க்கை

சேற்றில் புதைந்த வண்டியை எடுக்கப் பின் சக்கரத்தில் கட்டை கட்டுவது பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். கேஜ் வீல் (சேற்று வயலுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டும் புதையும்போது நம் பக்கம் எல்லோரும் செய்வதுதான். ஆனால் வண்டியை மல்லாக்கக் கவிழ்க்க இதைவிட நிச்சயமான வழி இல்லை. கட்டை தரையில் முட்டிச் சக்கரம் சுற்றாமல் நின்றால், இன்ஜினின் விசை ஆக்சிலைச் சுற்றி வண்டியின் உடம்பையே தூக்கிவிடும். முதலில் ரிவர்ஸில் வர முயலுங்கள். முடியாவிட்டால் இன்னொரு டிராக்டரால் இழுங்கள். இழுக்கும் வண்டியில் சங்கிலியைக் கீழே டிராபாரில்தான் மாட்ட வேண்டும். மேலே டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டினால் புதைந்த வண்டி அப்படியே இருக்க, இழுக்க வந்த வண்டி மல்லாந்துவிடும்.