துக்கத்தில் இருப்பவருக்கு யோகா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் புதிதாக யோகா சொல்லிக்கொடுக்க வருகிறவர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். வகுப்புக்கு வந்தவர் வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கிறது என்று தெரிந்ததும், எப்படியாவது அவரைத் தேற்றிவிட வேண்டும் என்ற அவசரம் பிடித்துக்கொள்கிறது. பழைய தவறுகள் அந்த அவசரத்தில்தான் திரும்பத் திரும்ப நடக்கின்றன. சாப்பிட்ட கையோடு ஆசனம் செய்யக்கூடாது என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுவோம்.

பாரம் இறங்கட்டும் என்று கபாலபாதி கொடுப்பது

அடிவயிற்றை உள்ளிழுத்து வேகவேகமாக மூச்சை ஊதித்தள்ளும் பயிற்சிதான் கபாலபாதி. பெருந்தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் நிற்கவில்லை என்பதில் கோபம் வரத்தான் செய்கிறது.

வழக்கமாக நடப்பது இப்படி. கணவரை இழந்து மூன்று வாரம் ஆன ஒரு பெண். ராத்திரி தூக்கம் சரியில்லை. பகலில் யாராவது வற்புறுத்தினால் கொஞ்சம் கஞ்சி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பெருமூச்சு. அவரை உட்காரவைத்து, "அம்மா, நல்லா வேகமா ஊதுங்க, நெஞ்சுக்குள்ள இருக்க பாரம் எல்லாம் வெளிய போவும்" என்று தொடங்குகிறார்கள். இரண்டாவது சுற்றிலேயே உதடு மரத்துப்போகிறது. விரல்நுனி குறுகுறுக்கிறது, தலை சுற்றுகிறது, நெஞ்சு இறுகுகிறது, சில பேருக்குக் கைவிரல்கள் இழுத்துக்கொள்கின்றன. செத்துவிடுவோமோ என்று அவர் பயந்து நடுங்கும்போது, "அடைபட்ட துக்கம் வெளியேறுது, நிறுத்தாதீங்க" என்று பக்கத்தில் ஒரு குரல்.

அங்கே துக்கம் வெளியேறவில்லை. உடம்புக்குத் தேவையான அளவைவிட வேகமாக மூச்சு விட்டதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்திருக்கிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், தலை சுற்றும். ரத்தத்தின் காரத்தன்மை கூடுவதால்தான் விரல்கள் மரத்து இழுக்கின்றன. துக்கத்தில் இருப்பவர் பெருமூச்சும் விம்மலுமாக ஏற்கெனவே அதிகமாகத்தான் மூச்சு விடுகிறார். அதன்மேல் நிமிடத்துக்கு 60 முறை அடிவயிற்றை உள்ளிழுத்து ஊதச் சொன்னால் என்ன ஆகும்? அந்தப் பயத்தை ஒருமுறை அனுபவித்தவர் பிறகு மெதுவான மூச்சுப் பயிற்சியைக்கூடத் தொடமாட்டார். உதவக்கூடிய ஒரே கருவியை நாமே பிடுங்கி எறிந்துவிடுகிறோம்.

வேகமாக இழுத்து வேகமாக விடும் பஸ்த்ரிகாவும் இதே கணக்குதான். மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகமும் வேண்டாம். ரத்தக்கொதிப்பு, இதயநோய் உள்ளவர்களுக்கு இவை எப்போதுமே ஆபத்து. சாவு வீட்டில் மாத்திரை சாப்பிடுவது தவறிப்போவது சகஜம் என்பதால் ஆபத்து இன்னும் கூடும்.

இப்படி நடந்துவிட்டால் உடனே நிறுத்துங்கள். கண்ணைத் திறக்கச் சொல்லி, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காரவையுங்கள். உதட்டைக் குவித்து, சூடான சாயாவை ஆற்றுவதுபோல மெதுவாக ஊதச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் சரியாகிவிடும். மூக்கையும் வாயையும் பையால் மூட வேண்டாம். நெஞ்சுவலி நிற்காமல் தோளுக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், 108-ஐ அழைத்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அதைவிடப் பக்கத்தில் உள்ள பெரிய மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். பேரதிர்ச்சியில் இதயத் தசை தற்காலிகமாகத் தளர்ந்துபோகும் நிலை ஒன்று உண்டு. டகோட்சுபோ என்று மருத்துவர்கள் சொல்வார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. மாரடைப்புக்கும் அதற்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. மனவருத்தம்தான் என்று முடிவுகட்ட நமக்கு உரிமை இல்லை.

இதற்குப் பதில் கொடுக்க வேண்டியது மிகச் சாதாரணமானது. நாற்காலியில், முதுகு சாய்ந்து, கண் திறந்து உட்காரட்டும். மூன்று எண்ணும்வரை மூக்கால் இழுத்து, நான்கு எண்ணும்வரை விட வேண்டும். இரண்டு நாளில் பழகிவிட்டால் நான்குக்கு ஆறு. நிறுத்திவைக்கக் கூடாது. வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணியும், அதுதான் இதில் உள்ள விஷயம். ஐந்து நிமிடம் போதும். நடுவில் அழுகை வந்தால் எண்ணுவதை விட்டுவிட்டு அழட்டும்.

அழுகையை நிறுத்தச் சொல்வது

வேண்டாம். ஒரு துண்டு கொடுங்கள், பக்கத்தில் இருங்கள்.

நீண்ட சவாசனமும் கடல் ஓசையும்

இருட்டறையில் 20 நிமிடம் கண்மூடிப் படுக்கவைத்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலோ விபத்து நடந்த ரோடோ கண்முன் வந்து நிற்கும். பிணம்போல அசையாமல் கிடக்கச் சொல்லும் வழக்கமான வாசகத்தையும் இவர்களிடம் சொல்லக்கூடாது. ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, கண் பாதி திறந்தபடி மூன்று நிமிடம். அதற்குமேல் அவர் விருப்பம்.

படுத்தபடி குரலைக் கேட்டு ஓய்வெடுக்கும் யோக நித்திரைக்கு அலையோசைப் பதிவைப் போட்டு, நீங்கள் கடலில் மிதக்கிறீர்கள் என்று சொல்கிறார்கள். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் இதைச் செய்யத் துணிகிறவர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்களின் உடல்கூடக் கிடைக்காத வீடுகள் அங்கே உண்டு. 2004 சுனாமியில் பிள்ளைகளை இழந்த குளச்சல், மணக்குடி வீடுகளுக்கும் இதேதான். ஓசையில்லாமல் செய்யுங்கள். அறையில் இருக்கும் ஐந்து பொருள்களைப் பார்த்துப் பெயர் சொல்லச் சொல்லுங்கள்.

நெஞ்சைத் திறக்கிறோம் என்று உஷ்ட்ராசனம்

பட்டினியும் தூக்கமின்மையும் உள்ள உடம்பு பின்னால் வளைந்து நிமிரும்போது தலை சுற்றி விழும். தோள்களை முன்னும் பின்னும் ஐந்தைந்து முறை சுழற்றி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி முதுகைக் குழித்து நிமிர்த்தும் மார்ஜாரி ஆசனம் ஆறு முறை செய்தால் முதல் மாதத்துக்கு அது போதும். முழங்கால் வலி இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்தே முதுகைக் குழித்து நிமிர்த்தலாம்.

மருந்தை நிறுத்தச் சொல்வது

ஒருபோதும் கூடாது.

எல்லோரும் இருக்கும்போது தொடங்கி, எல்லோரும் போனதும் விட்டுவிடுவது

பதினாறாம் நாள் சடங்கான அடியந்திரம்வரை வீட்டில் ஆள் நிறைந்திருக்கும். கிறிஸ்தவ வீடுகளில் ஜெபத்துக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அந்த நாட்களில் வேளைக்குச் சாப்பாடும் முற்றத்தில் பத்து நிமிட நடையும் போதும். பந்தல் பிரித்து, உறவுக்காரர்கள் ஊருக்குப் போன பிறகுதான் உண்மையில் கஷ்டம். புதியவர்கள் அதிகாலை ஐந்து மணியையே பிடித்துக்கொள்கிறார்கள். பலருக்குத் தாங்க முடியாத நேரம் விளக்கு வைக்கும் வேளை. பயிற்சியை அந்த நேரத்துக்கு மாற்றுங்கள், வீட்டில் இன்னொருவரையும் கூட உட்காரச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் தணியாமல், குளிக்க, சமைக்க, வேலைக்குப் போக முடியாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று சொன்னால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள், தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

எல்லோரையும் ஓம் சொல்ல வைப்பது

நம் குமரி மாவட்டத்தில் ஒரே வகுப்பில் மூன்று மதத்தாரும் இருப்பார்கள். துக்கத்தில் இருப்பவருக்குச் சொந்த ஜெபம்தான் துணை, அதோடு போட்டி வேண்டாம். வண்டுபோல ரீங்கரிக்கும் மூச்சுப் பயிற்சியான பிராமரியில் வாயை மூடி 'ம்ம்ம்' என்று ரீங்கரித்தாலே வெளிமூச்சு தானாக நீண்டுவிடும். ஐந்து முறை, காதை மூடாமல்.