சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறீர்களா? இவர்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எப்படியும் தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்குப் போவீர்கள். சிம் கார்டு, ஊறுகாய், ஊருக்குப் பணம் அனுப்பும் கடை என்று சுற்றுவீர்கள். அன்றைக்கே தொழிலாளர்களுக்கு உதவும் அமைப்புகளின் எண்களையும் போனில் ஏற்றிவிடுங்கள். கை உடைந்த பிறகு யாரைக் கேட்பது என்று தவிக்க வேண்டாம்.

'டி.டபிள்யூ.சி.2' அமைப்பை 2003இல் சில தன்னார்வலர்கள் தொடங்கினார்கள். 2008 முதல் 'கஃப் ரோடு திட்டம்' என்ற பெயரில் தொழிலாளர்களுக்கு இலவசச் சாப்பாடு போடுகிறார்கள். யாருக்கு என்றால், வேலையில் அடிபட்டு, வேலை பர்மிட் ரத்தாகி, இழப்பீட்டு வழக்கு முடியும்வரை ஸ்பெஷல் பாஸில் (தற்காலிகமாகத் தங்குவதற்கான அனுமதி) காத்திருப்பவர்களுக்கு. சம்பளம் வராமல் புகார் கொடுத்தவர்களுக்கு. ஸ்பெஷல் பாஸில் இருப்பவர் பொதுவாக வேலை செய்யக் கூடாது. ஊருக்குப் போனால் வழக்கு போய்விடுமோ என்ற பயம். இடையில் வயிறு ஒன்று இருக்கிறதே! ஆனால் சாப்பாடு பாதி விஷயம்தான். மேசையில் உட்கார்ந்திருக்கும் தன்னார்வலர் என்ன நடந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். அந்தப் பேச்சுக்காகவே போகலாம்.

'ஹோம்' அமைப்பை 2004இல் தொடங்கியவர் பிரிஜெட் டான். வீட்டுவேலைக்கு வந்த பெண்களுக்கு அங்கே தங்குமிடமும் உண்டு. உங்கள் ஊர்ப் பெண்கள் யாராவது இங்கே வீட்டுவேலையில் இருந்தால் சொல்லிவையுங்கள். மருத்துவச் செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு 'ஹெல்த்சர்வ்' இருக்கிறது. டாக்டர் கோ வீ லியோங் 2006இல் நண்பரோடு சேர்ந்து தொடங்கியது. தொழிற்சங்கமும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து நடத்தும் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை, "அது முதலாளி பக்கம்" என்று அறையில் யாராவது சொல்வார்கள். போய்ப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

இவர்கள் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது காகிதத்தைத்தான். ஊரிலேயே கைக்கு வரும் ஐ.பி.ஏ. கடிதத்தை (வேலை பர்மிட்டுக்கான முன் ஒப்புதல்) தொலைக்காதீர்கள். உங்கள் பேசிக் (அடிப்படைச் சம்பளம்), அலவன்ஸ், பிடித்தம் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தப் பேசிக்கை நீங்கள் எழுத்தில் சம்மதிக்காமல் குறைக்க முடியாது. ஆகவே புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "எல்லோரும் போட்டுவிட்டார்கள்" என்று சூப்பர்வைசர் சொன்னாலும்தான். சம்பளக் காலம் முடிந்து 7 நாளில் சம்பளமும் 14 நாளில் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பணமும் வர வேண்டும். வராவிட்டால் வேலையில் இருக்கும்போது ஓராண்டுக்குள், வேலையை விட்டுவிட்டால் 6 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். அந்த 6 மாதத்தைப் பலர் கோட்டை விடுகிறார்கள்.

அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவர் ஒரு முறை நான் தன்னார்வலராக உட்கார்ந்திருந்த மேசைக்கு வந்தார். முருகன் படம் போட்ட சின்ன நோட்டு ஒன்றை நீட்டினார். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போன நேரம், வந்த நேரம், சைட்டின் பெயர். ஒரு பக்கத்தில் "மழை, கிரேன் நின்றது, 2 மணி நேரம் சும்மா" என்றுகூட எழுதியிருந்தார். கம்பெனி காட்டிய கணக்கில் ஓ.டி. மணிகள் பாதிக்குமேல் காணாமல் போயிருந்தன. தேதி தேதியாக ஒப்பிட அந்த நோட்டுதான் உதவியது. நானே இங்கே வந்த புதிதில் அப்படி எழுதிவைக்கவில்லை. மூன்று மாத ஓ.டி. போனது போனதுதான்.

அடிபட்டால் "ரூமில் படுத்துக்கொள், பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். கேட்காதீர்கள். அன்றே டாக்டரிடம் போய், வேலையில் அடிபட்டது என்று சொல்லி எழுதவையுங்கள். தப்பு உங்களுடையதாக இருந்தாலும் இழப்பீடு கேட்கலாம். விபத்து நடந்து ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். சிகிச்சைச் செலவு முதலாளியுடையது.

இந்த அமைப்புகளுக்குப் போகும்போது பர்மிட், ஐ.பி.ஏ., சம்பளச் சீட்டு, எம்.சி. (டாக்டர் கொடுக்கும் மருத்துவ விடுப்புச் சான்று) எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோங்கள். தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். உட்கார்ந்ததும் அநேகமாக "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பார்கள். சாப்பிடவில்லை என்றால் சாப்பிடவில்லை என்றே சொல்லுங்கள்.