தொற்றுக் காலத்தில் பாதுகாப்பு இல்லம்: பிள்ளைகளோடு வரும் தாய்மாரை ஏற்பதும் பராமரிப்பதும்

அடி உதைக்குத் தப்பி வரும் பிள்ளைக்குச் சில விஷயங்கள் ஏற்கெனவே நன்றாகத் தெரியும்: பூட்டிய கதவு, 'வெளியே போகாதே' என்ற அதட்டல், அம்மாவின் போனைப் பறிக்கும் கை. கொரோனா போன்ற தொற்றுக் காலத்தில், வீட்டு வன்முறைக்குத் தப்பி வருவோரை ஏற்கும் பாதுகாப்பு இல்லமும் இதே மூன்றையும் செய்வதுபோல ஆகிவிடுகிறது. தனிமைப்படுத்தல் என்கிறோம், சுகாதார விதி என்கிறோம், பாதுகாப்பு என்கிறோம். பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே ஒவ்வொரு விதியையும் அதட்டலாகத் தோன்றாத வகையில் எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதுதான் இங்கே வேலை. கொழும்பில் இல்லம் நடத்துவோருக்கும் அங்கே தொண்டு செய்வோருக்கும் உதவும் குறிப்புகள் இவை.

வாசலுக்கு வரும் முன்

2020 மார்ச் 20 அன்று நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது கொழும்பில் அது மே வரை நீடித்தது. அப்படியான நாளில் வீட்டை விட்டு வெளியேறும் பெண்ணிடம் அனுமதிப் பத்திரம் இருக்காது. உயிராபத்து என்றால் 119. காயம் இருந்தால் 1990 அம்புலன்ஸ். அது நேரே வைத்தியசாலைக்குப் போகும். பல அரச வைத்தியசாலைகளில் வன்முறைக்கு உள்ளானோருக்கென 'நட்பு நிலையம்' இருக்கிறது, அங்கிருந்தே உங்கள் இல்லத்தைத் தொடர்புகொள்ளச் சொல்லலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவருக்கு 1929. பிக்மீ, ஊபர் பிடித்து வரச் சொல்வதென்றால் ஒன்றைக் கேளுங்கள்: அந்தக் கணக்கு யாருடைய இலக்கத்தில் இருக்கிறது? கணவரின் இலக்கமென்றால் பயணம் முடிந்த இடம் அவரது போனில் வரைபடத்தோடு கிடக்கும்.

தொலைபேசியில் பேசும்போது கணவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் கேட்டுவிட்டு, ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளைகள் எத்தனை பேர், வயது, யாருக்காவது காய்ச்சல், இருமல், மூச்சு முட்டு உண்டா, கர்ப்பமா, தொடர்ந்து எடுக்கும் மருந்து உண்டா என்பவை போதும். மகன் இருந்தால் வயதைக் கட்டாயம் கேளுங்கள். சில இல்லங்கள் வளர்ந்த ஆண் பிள்ளைகளை ஏற்பதில்லை. வாசலுக்கு வந்தபின் அதைச் சொன்னால் தாய் திரும்பிப் போய்விடுவார்.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் கிளினிக் புத்தகம், மருந்துகள், பிள்ளை பிடித்துக்கொண்டு தூங்கும் துணி ஆகியவற்றை எடுக்க முடிந்தால் எடுக்கட்டும். முடியாவிட்டால் விட்டுவிட்டு வரட்டும். சான்றிதழின் பிரதியைப் பிறகு பிரதேச செயலகத்தில் பெறலாம்.

பரிசோதனை முடிவு கையில் இருந்தால்தான் அனுமதி என்று விதி வைக்காதீர்கள். முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களை அவள் எங்கே கழிப்பாள்? அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், புதிதாக வருபவருக்குத் தொற்று இருக்கலாம் என்றே வைத்து, தனி அறையில் ஏற்பதுதான் நடைமுறைக்கு ஒத்தது.

முதல் அறை

ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. தாயையும் பிள்ளைகளையும் பிரிக்காதீர்கள். ஒருவருக்குத் தொற்று உறுதியானாலும், வைத்தியர் சொன்னால் ஒழிய, சேர்ந்தே இருக்கட்டும். தனிக் குளியலறை இல்லையென்றால் அவர்களுக்குக் கடைசி நேரத்தை ஒதுக்கி, அதன்பின் கழுவுங்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் சுவரோடு சுவர் ஒட்டியிருப்பதால் பின்னறைக்கு ஒரு யன்னல்தான் கிடைக்கும். மின்விசிறியை யன்னலோரம் வைத்து வெளிப்பக்கமாகத் திருப்புங்கள், கதவின் கீழ் இடைவெளியை அடைக்காதீர்கள். ஏசி போட்டால் பெரும்பாலும் அதே காற்றுத்தான் அறைக்குள் சுற்றும்.

கொண்டி உள்ளே இருக்கவேண்டும். வெளிப்பக்கத்தில் பூட்டு இருந்தால் கழற்றிவிடுங்கள். பிள்ளையிடம் அதைக் காட்டியே சொல்லுங்கள்: "மகள், இந்தக் கொண்டி உள்ளுக்குத்தான் இருக்கு. நீங்களே பூட்டலாம், நீங்களே திறக்கலாம். வெளியில இருந்து ஒருத்தரும் பூட்ட மாட்டாங்க." சாப்பாடு கொண்டுபோகும்போது கதவைத் தட்டி, பெயரைச் சொல்லி, இரண்டு அடி பின்னால் நின்றுகொள்ளுங்கள். தட்டாமல் திறக்கும் ஒரு கதவு போதும், அன்றிரவு பிள்ளை தூங்காது.

2020இல் தனிமைப்படுத்தல் 14 நாள். பிற்காலத்தில் எண்ணிக்கை மாறியது, இனியும் மாறும். எத்தனை நாளோ அத்தனை கட்டங்களை ஒரு தாளில் கீறிச் சுவரில் ஒட்டுங்கள். தினமும் பிள்ளையே ஒன்றை வெட்டட்டும். நாள் கூட வேண்டியிருந்தால் பிள்ளை தூங்கும்போது கட்டம் சேர்க்காதீர்கள். காரணத்தை நேரே சொல்லி, பிள்ளையின் கையாலேயே கீறுவியுங்கள்.

விளையாட்டுப் பொருளைச் சுற்றில் விடுவதைவிட, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பை கொடுப்பது நல்லது: ஒரு சீ.ஆர். கொப்பி, கலர் பென்சில், சின்னப் பந்து, தாயக்கட்டை. அது பிள்ளையின் சொந்தம், போகும்போது கொண்டுபோகலாம். வீட்டில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு இந்தச் 'சொந்தம்' நாம் நினைப்பதைவிடப் பெரிது.

முகக்கவசம் பெரிய இடைஞ்சல். பயந்த பிள்ளை முகத்தைப் பார்த்துத்தான் ஆளை எடைபோடும். பணியாளர்கள் தங்கள் சிரித்த முகப் படத்தைக் கைப்பிடி அளவில் அச்சடித்து நெஞ்சில் குத்திக்கொள்ளுங்கள். முதல் சந்திப்பில் யன்னலுக்கு வெளியே, தூரத்தில் நின்று கவசத்தைக் கழற்றி ஒருமுறை முகம் காட்டுங்கள். 5 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கவசத்தைக் கட்டாயப்படுத்த வேண்டாம். 2 வயதுக்குக் கீழே போடவே கூடாது, மூச்சு அடைக்கும். தாய்க்குத் தொற்று என்றாலும் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கவசம் போட்டு, கை கழுவிப் பால் கொடுக்கலாம்.

துப்புரவு

முதலில் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, பிறகுதான் பிளீச். அழுக்கின்மேல் ஊற்றிய பிளீச் வேலை செய்யாது. கதவுக் கைப்பிடி, சுவிட்ச், குழாய் போன்றவற்றுக்கு 5 வீத பிளீச்சில் 20 மில்லிலீற்றரை ஒரு லீற்றர் தண்ணீரில் கலந்து, பூசி 10 நிமிடம் விடுங்கள். வாந்தி, மலம் பட்ட இடத்துக்கு 100 மில்லிலீற்றருடன் 900 மில்லிலீற்றர் தண்ணீர். 70 வீத ரி.சி.எல். (குளோரின்) தூள் என்றால் இந்த இரண்டாவது கரைசலுக்கு லீற்றருக்கு 7 கிராம். தினமும் புதிதாகக் கலக்கவேண்டும். கழிவறை அமிலத்தோடு சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும். மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். வீடு நிறையப் பிள்ளைகள்.

காய்ச்சல் என்றால்

கொழும்பில் காய்ச்சல் என்றால் கொரோனா மட்டுமல்ல, டெங்குவும் வரிசையில் நிற்கும். தனிமைப்படுத்தல் அறையில் இருப்பதால் டெங்குவை மறந்துபோவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள்: ஒரு கிலோ நிறைக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் இல்லை. 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியானால் 7.5 மில்லிலீற்றர். போத்தலுக்குப் போத்தல் செறிவு மாறும், லேபிளைப் பாருங்கள். இபுபுரொபன், டைக்ளோபினாக், மெபனமிக் அமிலம், அஸ்பிரின் வேண்டாம், டெங்குவானால் இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளுக்குள் முழு இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதி அடையும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம்.

பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயது வரை 50, 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் பொரளை சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தாலும், குடிக்க மறுத்தாலும், எழுப்ப முடியாத தூக்கமென்றாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கொண்டுபோங்கள். 3 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே போதும்.

முகவரி எப்படி வெளியே போகிறது

பல ஆண்டு காத்த முகவரி ஒரே வாரத்தில் போய்விடக் கூடியது தொற்றுக் காலத்தில்தான். காரணம், சுகாதாரத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பெயர், விலாசம், இலக்கம் எல்லாம் வேண்டும்.

பிசிஆர் படிவத்தில் தாய் வழக்கப்படி வீட்டு இலக்கத்தை எழுதிவிடுவார். முடிவு கணவரின் போனுக்குப் போகும். படிவத்தை நிரப்பும்போது பக்கத்தில் இருந்து, இல்லத்தின் அலுவலக இலக்கத்தைக் கொடுங்கள். தனிமைப்படுத்திய வீடுகளின் வாசலில் அறிவித்தல் ஒட்டுவது 2020இல் வழக்கமாக இருந்தது. அதை அன்று தடுத்துப் பயனில்லை. தொற்று வருவதற்கு முன்பே உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் (பி.எச்.ஐ.) சந்தித்து, அறிவித்தலை உட்பக்கம் ஒட்டவும், பட்டியலில் இல்லத்தின் தன்மையைக் குறிப்பிடாமலிருக்கவும், யாராவது பெயர் சொல்லிக் கேட்டால் பதில் சொல்லாமலிருக்கவும் எழுத்தில் உடன்பாடு பெறுங்கள்.

போனைப் பறிக்காதீர்கள். தாயோடு உட்கார்ந்து, அவரே அழுத்தும்படி பாருங்கள். முதலில் மிரட்டல் செய்திகளைப் படம் எடுத்து வேறு போனுக்கு அனுப்பவேண்டும், அவை நீதிமன்றத்துக்கு வேண்டும். போனை முழுதாக அழித்தால் சாட்சியும் அழியும். அடுத்து வட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களைப் பார்த்து, தெரியாததை வெளியேற்றுங்கள். கூகுள் மப்ஸில் இடம் பகிர்வதை நிறுத்துங்கள். கூகுள் கடவுச்சொல்லை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். சிம் கணவரின் அடையாள அட்டையில் இருந்தால் அவரால் மாற்றுச் சிம் எடுக்க முடியும், கடவு இலக்கமெல்லாம் அவருக்கே போகும். தாயின் பெயரிலேயே புதுச் சிம் வாங்குங்கள். கடைசியாகப் பிள்ளையின் டெப் (டெப்லட்). தாயின் போனைச் சுத்தமாக்கிவிட்டு, அதே கணக்கில் ஓடும் டெப்பை மறப்பதே அதிகம்.

பள்ளிக்கூடம்

வகுப்பு வட்ஸ்அப் குழுவில் தகப்பனும் இருப்பார். புது இலக்கத்தோடு தாய் அதில் சேர்ந்த நிமிடமே அது அவருக்குத் தெரியும். ஆகவே குழுவில் சேர்க்காதீர்கள். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் ஊடாக அதிபருக்குக் கடிதம் கொடுத்து, பாடங்களை ஓர் ஆசிரியர் மட்டும் இல்லத்தின் பொது இலக்கத்துக்குத் தனியாக அனுப்ப ஒழுங்கு செய்யலாம். கடிதத்தில் முகவரி இருக்கக்கூடாது.

சூமில் வெறும் சுவர் பின்னணி, முழுப்பெயர் இல்லை, மைக் மூடியிருக்கும், பதில் சொல்லும்போது மட்டும் திறக்கும். கடற்கரைப் பாதையில் ரயில் போகும் சத்தம், கோயில் மணி, பாண் விற்கும் சூண் பாண் ஓட்டோவின் பாட்டு ஆகியவற்றைக் கேட்டு இடத்தை ஊகிப்பது கொழும்பில் பிறந்து வளர்ந்த ஒருவருக்குக் கஷ்டமில்லை. வீட்டுவேலையைப் படமெடுக்கும் முன் கெமராவின் இடக்குறிப்பை நிறுத்துங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு நீங்கிவிடும். 'டொகியுமென்ற்' ஆக அனுப்பினால் ஒட்டிக்கொண்டே போகும். இணையம் போதாவிட்டால் நேத்ரா தொலைக்காட்சியில் போன 'குருகுலம்' போன்ற பாட நிகழ்ச்சிகளும் ஈ-தக்சலாவவில் உள்ள தமிழ்மொழிப் பாடங்களும் உதவும்.

முதல் வாரத்தில் பாடத்தை வற்புறுத்தாதீர்கள். படுக்கையில் சிறுநீர், பேசாமை, தம்பியை அடிப்பது, அம்மாவின் சட்டையை விடாமை எல்லாம் எதிர்பார்க்கவேண்டியவை. நேரம் மாறாத சாப்பாடு, குளிப்பு, தூக்கம்தான் முதல் மருந்து. படுக்கை நனைந்தால் பேச்சில்லாமல் விரிப்பை மாற்றுங்கள். மெத்தைக்குப் பிளாஸ்ரிக் உறை முதல் நாளே போட்டிருந்தால் பிள்ளைக்கு வெட்கமும் இல்லை, உங்களுக்கு வேலையும் இல்லை.

பிள்ளை மொழிபெயர்ப்பாளர் அல்ல

கொழும்பில் சிங்கள மொழிமூலம் படிக்கும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் நிறையப் பேர். பொலிஸ் நிலையத்தில், சிங்களம் தெரியாத அம்மாவின் வாக்குமூலத்தைப் பிள்ளை மொழிபெயர்க்கும் நிலை எளிதில் வந்துவிடும். அம்மாவுக்கு நடந்ததைப் பிள்ளை தன் வாயால் சொல்லவேண்டி வருவது புதுக் காயம். தொலைபேசியிலாவது பெரியவர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். தாய்க்குத் தமிழில் வாக்குமூலம் கொடுக்க உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்கவேண்டாம்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை வழங்கினால் 14 நாட்களுக்குள் விசாரணை வைக்கவேண்டும். பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை வழங்கலாம். பிள்ளைகளின் பெயரையும் சேர்க்கக் கேளுங்கள். தனிமைப்படுத்தலும் 14 நாள், விசாரணையும் 14 நாள் என்றால் இரண்டும் மோதும். புதுக்கடை நீதிமன்றத்துக்குத் தாயால் போக முடியாவிட்டால் பி.எச்.ஐ. தரும் தனிமைப்படுத்தல் கடிதத்தைத் திகதிக்கு முன்பே சட்டத்தரணியிடம் கொடுங்கள். கட்டணம் செலுத்த வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பி.எச்.ஐ. கடிதத்திலும் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள், அது வழக்குக் கோப்புக்குள் போகும்.

தகப்பனோடு பேச பிள்ளை ஆசைப்படலாம். 'கெட்ட அப்பா' என்று நீங்கள் சொல்லவேண்டாம். கட்டளை தடுக்கவில்லையென்றால், தாய் சம்மதித்தால், இல்லத்தின் போனிலிருந்து, இலக்கம் மறைத்து, வீடியோ இல்லாமல், 10 நிமிடம், ஒரு பணியாளர் பக்கத்தில். "எங்க இருக்கீங்க?" என்று கேட்டால் சொல்லவேண்டிய பதிலை முன்பே பழக்குங்கள்: "அது அம்மாட்ட கேளுங்க அப்பா." பொய் சொல்லப் பழக்குவதைவிட இது இலகு.

பணியாளர்

தினமும் பஸ்ஸில் வந்துபோகும் ஆறு பேரைவிட, வாரக்கணக்கில் தங்கி முறைமாறும் இரண்டு குழுக்கள் நல்லது. தொற்றும் குறையும், பிள்ளைக்கு ஒரே முகமும் இருக்கும். போகும் அன்ரி எப்போது போகிறார், எப்போது வருவார் என்பதை அந்தக் கட்டத் தாளிலேயே குறியுங்கள். சொல்லாமல் மறைந்தால் பிள்ளை தன்மேல் குற்றம் போட்டுக்கொள்ளும்.

வெளியேறும்போது

2020 ஏப்ரல், மே மாதங்களில் அரசு கொடுத்த 5,000 ரூபா போன்ற உதவி குடும்பத்துக்கென வந்தது. வீட்டை விட்டு வந்த பெண்ணின் கைக்கு அது தானாக வராது. புது வசிப்பிடம் உறுதியானபின் அங்குள்ள கிராம அலுவலரிடம் பதியச் சொல்லுங்கள், பழைய பிரிவில் விசாரிக்கவேண்டாம். பிள்ளையின் தவறிய தடுப்பூசிகளுக்கு அப்பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரைப் பார்க்கட்டும்.

சிலர் கணவரிடமே திரும்புவார்கள். அதற்காகக் கோபிக்காதீர்கள், அடுத்த தடவை அவர் அழைக்கவேண்டியது உங்களைத்தான். 1938, 1929 ஆகிய இரண்டையும் மனப்பாடம் செய்யட்டும், எழுதி வைக்கவேண்டாம். நீங்கள் எடுக்கும் நேரத்தையும் ஒரு சொல்லையும் பேசி வையுங்கள்: நீங்கள் "தையல் துணி ரெடி" என்றால் நலமா என்று அர்த்தம், அவர் "நாளைக்கு வாறன்" என்றால் உதவி வேண்டும் என்று அர்த்தம். வேறு யாராவது எடுத்தால் தையல்கடை என்று சொல்லி வையுங்கள். பேசி வைத்த இரண்டு நேரத்திலும் பதில் இல்லையென்றால் மூன்றாவதுக்குக் காத்திராமல் அப்பகுதிப் பொலிஸின் சிறுவர், மகளிர் பிரிவுக்கு அழையுங்கள். இதற்கான சம்மதத்தைத் தாயிடம் வெளியேறும் நாளிலேயே எழுத்தில் வாங்கியிருக்கவேண்டும்.